தூரத்துக் கதையும் பக்கத்துக் கதையும்: ஒரு சாதாரண வாசகனின் நாற்பது ஆண்டுகள்

பெருந்துறையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் மூன்று கேள்விகளை அனுப்பியிருக்கிறார். எழுத்தாளராகவோ பேராசிரியராகவோ இல்லாமல், வேலைக்குப் போய்க்கொண்டே படித்தவர் என்ற முறையில், இத்தனை ஆண்டுகளாகப் படித்த புத்தகங்களைப் பற்றி என் சொந்த அபிப்பிராயம் என்ன என்பது முதல் கேள்வி. நம் கொங்குப் பகுதி நாவல்கள் உண்மையிலேயே படிக்கத் தக்கவையா, அல்லது ஊர்ப்பாசத்தில் புகழப்படுபவையா என்பது இரண்டாவது. இரவில் அரை மணி நேரம் மட்டுமே கிடைக்கும் ஒருவர் எதில் தொடங்கலாம் என்பது மூன்றாவது. முதல் இரண்டு கேள்விகளையும் என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை என்பதால், இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

நான் ஈரோட்டில் ஒரு மஞ்சள் மண்டியில் முப்பத்தைந்து ஆண்டுகள் கணக்கு எழுதியவன். மாசி தொடங்கி வைகாசி வரைக்கும் வரத்து இருக்கும். அப்போது தலை நிமிர நேரம் இருக்காது. புரட்டாசிக்குப் பிறகு பழைய இருப்பு மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக நகரும். அந்த மாதங்களில், பேரேட்டுக்கு அடியில் ஒரு நாவலை வைத்துக்கொண்டு படிப்பதை முதலாளி பார்த்தும் பார்க்காதவராக இருந்தார். மண்டியில் கற்றுக்கொண்ட ஒரு பழக்கம் என் வாசிப்புக்கும் வந்துவிட்டது. சரக்கு பார்க்க வருகிறவர் மூட்டையின் மேல்வாயில் தெரியும் மஞ்சளை நம்ப மாட்டார். கையை உள்ளே விட்டு நடுவிலிருந்து ஒரு விரலியை எடுத்து, ஒடித்து, உள்நிறத்தைப் பார்ப்பார். மெருகு போட்ட மஞ்சள் வெளியே எல்லாம் ஒரே நிறமாகத்தான் இருக்கும். நானும் புத்தகக் கடையில் முன்னுரையையும் பின்னட்டையையும் விட்டுவிட்டு, நடுவில் ஏதாவது ஒரு பக்கத்தைப் பிரித்து நின்றபடியே இரண்டு பக்கம் படித்துவிட்டுத்தான் வாங்குவேன். இந்த முறை பெரும்பாலும் பலித்திருக்கிறது. பலிக்காத ஒரு வகையும் உண்டு. அதைப் பற்றித்தான் இந்தப் பதிலின் பெரும்பகுதி.

எங்கள் ஊர் மொடக்குறிச்சிப் பக்கம். நான் சிறுவனாக இருந்தபோது வீட்டில் பஞ்சாங்கத்தைத் தவிர வேறு புத்தகம் கிடையாது. ஆனால் கதை இருந்தது. மாசி மாதத்தில் உடுக்கை அடித்து, பொன்னர், சங்கர் என்ற அண்ணன் தம்பியரைப் பற்றிய அண்ணன்மார் சாமி கதையைப் பல இரவுகள் பாடுவார்கள். அப்பச்சியின் (அம்மாவின் அப்பா) மடியில் படுத்துக்கொண்டு, எந்த இடத்தில் உடுக்கை வேகம் பிடிக்கும் என்பதை வைத்தே கதை எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டவன் நான். கவிஞர் சக்திக்கனல் அதை 1971இல் பதிப்பித்த நூல் பல ஆண்டுகள் கழித்து என் கைக்குக் கிடைத்தபோது, ஆவலோடு தொடங்கி இருபது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன். எல்லா வரியும் தெரிந்த வரிதான். உடுக்கை மட்டும் இல்லை. குறை பதிப்பாசிரியருடையது இல்லை. சொந்த ஊர்ச் சரக்கு அச்சில் வரும்போது எனக்கு ஏற்பட்ட முதல் தடுமாற்றம் அதுதான் என்பதால் சொல்கிறேன்.

பள்ளிக்கூடத்தில் கிடைத்த பெரும் செல்வம் குழந்தைகள் கலைக்களஞ்சியம். பத்துத் தொகுதிகளில் சிலவே எங்கள் பள்ளிக்கு வந்திருந்தன. அதற்கும், அதற்கு முந்தைய பத்துத் தொகுதிக் கலைக்களஞ்சியத்துக்கும் முதன்மை ஆசிரியராக இருந்த பெ. தூரன், எங்கள் பக்கத்து மஞ்சக்காட்டு வலசில் பிறந்தவர் என்று தலைமையாசிரியர் சொன்னபோது, ‘நம் பக்கத்து ஆள் புத்தகமெல்லாம் எழுதுவாரா’ என்று வகுப்பே வியந்தது. புத்தகம் என்றால் வேறெங்கோ எழுதப்பட்டு எங்களுக்கு வந்து சேர்வது என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

வந்து சேர்ந்தவற்றுள் முதலில் ராணி முத்து. 1969 முதல் மாதம் ஒரு நாவல் என்று மலிவு விலையில் வந்த அந்த இதழ், என் போன்ற ஆயிரக்கணக்கானவர்களை நாவல் படிக்க வைத்தது என்பதை இலக்கியக்காரர்கள் போதிய அளவு சொல்வதில்லை. அடுத்தது ராஜேஷ்குமார். கோயம்புத்தூர்க்காரரான அவருடைய துப்பறியும் நாவல்களில் ரேஸ் கோர்ஸும் ஆர்.எஸ். புரமும் வரும், ஆனால் அங்கே நடப்பவர்கள் எந்த ஊர்க்காரர்களாகவும் இருக்கலாம். விவேக்கும் ரூபலாவும் பேசும் பேச்சில் கோவை கிடையாது. ஈரோட்டிலிருந்து கோவைக்கு ரயிலில் போகும் நேரத்தில் ஒரு நாவலை முடித்துவிடலாம்; திருப்பூர் தாண்டும்போது கொலையாளி யாரென்று ஒரு சந்தேகம் வரும், பீளமேட்டில் அது தவறென்று தெரியும். அந்த இன்பத்தை நான் குறைவாக மதிக்கவில்லை. ஆனால் இன்று ஒரு கதையைக்கூட முழுதாக நினைவிலிருந்து சொல்ல முடியவில்லை என்பதும் உண்மை.

மு. வரதராசனாருடைய நூல்கள் அக்காலத்தில் திருமணப் பரிசாக வந்து குவியும். என் தமக்கையின் திருமணத்துக்கு மட்டும் ‘அகல் விளக்கு’ மூன்று படிகள் வந்தன. அதற்கு 1961இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்திருக்கிறது. இப்போது படித்தால் பாத்திரங்கள் ஒருவரோடொருவர் பேசாமல் கட்டுரை வாசிப்பது போலத் தோன்றுகிறது. இருந்தாலும், பிழையில்லாமல் ஒரு கடிதம் எழுத நான் கற்றது அவரிடம்தான்.

கல்கியின் ‘பொன்னியின் செல்வ’னை மூன்று முறை படித்திருக்கிறேன். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த கதை அது. அத்தியாய முடிவுகளில் வாரப் பத்திரிகையின் கை தெரியும். முதல் முறை வந்தியத்தேவனோடு குதிரையில் போனேன். இரண்டாம் முறை பூங்குழலியின் தோணியில் ஏறினேன். மூன்றாம் முறை, ஐந்து பாகங்களில் முதல் இரண்டை மட்டும் இன்னும் நிதானமாக எழுதி நான்காம் பாகத்தைச் சுருக்கியிருக்கலாமே என்று குறை கண்டேன். இங்கே ஒரு சிறிய செய்தியைச் சொல்லத் தோன்றுகிறது. சோழநாட்டை இவ்வளவு எழுதிய கல்கி, அதற்கு முன்பு எங்கள் திருச்செங்கோட்டுப் பக்கத்துக் காந்தி ஆசிரமத்தில் இராஜாஜியோடு இருந்து, ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு மாத இதழை நடத்த உதவியவர். அந்த ஆசிரமம் இருந்த புதுப்பாளையத்தின் புழுதியில் அவர் நடந்திருக்கிறார். அதைப் பற்றி ஐந்து பாகம் எழுதத் தோன்றவில்லை போலும் என்று நண்பரிடம் விளையாட்டாகச் சொல்வதுண்டு.

இனி நான் சொல்ல விரும்பும் செய்திக்கு வருகிறேன். என் இருபதுகளில் எனக்குக் கிடைத்த பெரும் வாசிப்பு சோவியத் புத்தகங்கள். நல்ல தாள், தைத்த கட்டு, சில ரூபாய் விலை. மாஸ்கோவிலிருந்து தமிழிலேயே அச்சாகி வந்த அவை, 1991இல் சோவியத் நாடு கலைந்ததோடு நின்றுபோயின. அவற்றுள் சிங்கிஸ் ஐத்மாத்தவின் ‘அன்னை வயல்’ என்னை அழவைத்த முதல் நூல். கிர்கிஸ்தானத்துக் கிழவி தல்கனாய், கணவனையும் மூன்று ஆண் மக்களையும் போருக்குக் கொடுத்துவிட்டு, வயலோடு பேசுகிறாள். அதில் ஓரிடம் உண்டு. போர்முனைக்குப் போகும் மகன் ரயிலில் வருகிறான் என்று அறிந்து, தாய் நிலையத்துக்குப் போய்ப் பனியில் காத்துக் கிடக்கிறாள். ரயில் நிற்காமல் போகிறது. மகன் வாசலில் தொங்கியபடி கத்திக்கொண்டே கடக்கிறான். தன் தொப்பியைக் கழற்றித் தாயை நோக்கி எறிகிறான். அவளிடம் மிஞ்சுவது அந்தத் தொப்பிதான். மண்டியில் உட்கார்ந்து அதைப் படித்த நாளில் ஏட்டில் ஒரு கூட்டல் தவறியது, மறுநாள்தான் கண்டுபிடித்தேன்.

விபூதிபூஷணின் ‘பதேர் பாஞ்சாலி’யும் அப்படித்தான். 1929இல் வங்கத்தில் எழுதப்பட்ட அந்தக் கதையில் துர்க்கா காய்ச்சலில் இறக்கும் பகுதியை, எங்கள் தெருவில் நடந்த சாவைப் போல வாரக்கணக்கில் சுமந்தேன். நான் படித்த பிரதியின் முதல் பக்கத்தில் தமிழாக்கம் என்று போட்டு ஆர். ஷண்முகசுந்தரம் என்ற பெயர் இருந்தது. யாரோ ஒருவர் என்று கடந்துவிட்டேன்.

அதே ஆண்டோ அடுத்த ஆண்டோ கிளை நூலகத்தில் அதே ஷண்முகசுந்தரத்தின் ‘நாகம்மாள்’ கிடைத்தது. நடுப்பக்கத்தைப் பிரித்துப் பார்த்தேன். காடு, தொண்டுப்பட்டி, இட்டேரி, மாட்டுக்குத் தவிடு, பெண்கள் வசவு. ‘இதிலே என்ன இருக்கிறது, இதுதான் தினமும் நம் வாசலில் நடக்கிறதே’ என்று தோன்றியது. இரவல் வாங்கி, முப்பது பக்கத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஒடித்துப் பார்க்கும் என் முறை பலிக்கவில்லை என்று மேலே சொன்னேனே, அது இந்த இடத்தில்தான். பார்த்துப் பழகிய நிறம் என்பதால் அது நிறமாகவே கண்ணில் படவில்லை.

இதற்கு ஒரு காரணத்தைப் பின்னாளில் யோசித்துப் பார்த்தேன். வார இதழ்க் கதைகளிலும் வானொலி நாடகங்களிலும் நாங்கள் கேட்டு வளர்ந்த பேச்சு பெரும்பாலும் காவிரிக் கரைப் பேச்சு. ‘ஏண்டி’, ‘போயேன்’, ‘வந்துட்டுப் போறேன்’ என்றால் அது கதை. ‘ஏனுங்’, ‘வந்தனுங்க’, ‘பொழுதோட வாறே’ என்றால் அது எங்கள் வீட்டுத் திண்ணை. திரைப்படத்தில் எங்கள் பேச்சு வந்தால் அரங்கம் சிரிக்கும். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். அப்படிப்பட்ட பேச்சைச் சிரிப்புக்கு இல்லாமல் துக்கத்துக்கு ஒருவர் எழுதியிருந்ததை எப்படி எடுத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. வங்கத்துத் துர்க்காவுக்காக அழுதவன், காங்கயத்துப் பக்கத்துப் பெண்ணுக்கு முப்பது பக்கம் கொடுக்கவில்லை. இரண்டையும் தமிழில் கொண்டுவந்தது ஒரே கை.

‘நாகம்மாள்’ 1942இல் வந்தது. கு.ப. ராஜகோபாலன் முன்னுரை எழுதியிருக்கிறார். 1917இல் பிறந்த ஷண்முகசுந்தரத்துக்கு அப்போது இருபத்தைந்து வயது. கதை சிறியது. கணவனை இழந்த நாகம்மாள், மகள் முத்தாயாளோடு கொழுந்தன் சின்னப்பன் வீட்டில் இருக்கிறாள். சின்னப்பன் கெட்டவன் இல்லை, உழைப்பாளி. கெட்டியப்பன் என்ற போக்கிரியின் பழக்கம் அவளுக்கு ஏற்படுகிறது. அவனும் ஊரில் காரியம் பார்க்கும் சிலரும் ‘உன் பங்கைக் கேள்’ என்று தூண்டுகிறார்கள். அவள் கேட்கிறாள். அது சின்னப்பனின் சாவில் போய் முடிகிறது. அவ்வளவுதான்.

இதை நான் இரண்டாம் முறை படித்தது 2003இல். அந்த ஆண்டு எங்கள் வீட்டில் பாகப் பிரிவினை நடந்தது. கிணறு அண்ணன் பங்கில் போயிற்று. முறை வைத்துத் தண்ணீர் விடுவதாகப் பேச்சு. கிழக்கே இருந்த, மழையை நம்பிய மேட்டாங்காடு எனக்கு வந்தது. வரப்பில் நின்ற ஒரு வேப்பமரம் யாருக்கு என்பதில் எட்டு மாதம் பேச்சு நின்றுபோனது. பேசி முடிக்க வந்த பெரியவர்களில் யார் எங்களைச் சேர்த்து வைக்க வந்தார், யார் வேடிக்கை பார்க்க வந்தார் என்பது அன்று எனக்கு விளங்கவில்லை. அந்த ஐப்பசியில் ஒருநாள் மண்டியில் இந்த நாவலை மறுபடி எடுத்தேன். பங்கு கேட்பது குற்றமா என்ற கேள்விக்கு ஷண்முகசுந்தரம் பதில் சொல்வதே இல்லை. நாகம்மாள் பக்கமும் நியாயம் இருக்கிறது; ஒரு கைம்பெண், தன் கணவன் வெட்டிய வரப்பில் தனக்கு உரிமை இல்லையா என்று கேட்பதில் என்ன தவறு? ஆனால் அவள் வாயில் அந்தச் சொல் வந்த கணத்திலிருந்து அந்த வீட்டில் சோறு போடும் ஓசையே மாறிவிடுகிறது. அதை எங்கள் வீட்டில் நான் கேட்டிருக்கிறேன். நங்கை (அண்ணி) எனக்குச் சோறு போட்ட கரண்டி தட்டில் பட்ட ஓசைகூட அந்த எட்டு மாதத்தில் வேறாக இருந்தது.

என் மதிப்பில் இது குறையற்ற நூல் இல்லை. முடிவு அவசரமாக வருகிறது. கெட்டியப்பன் ஒரே நிறத்தில் தீட்டப்பட்டவன். ஆசிரியர் சில இடங்களில் கதையை நிறுத்தி வர்ணனைக்குப் போகிறார், கு.ப.ரா. காலத்து நடையின் சாயல் அது. ஆனால் பேச்சு வரும் இடமெல்லாம் எண்பது ஆண்டுக்குப் பிறகும் ஈரம் காயாமல் இருக்கிறது. அண்ணனிடம் அந்தப் பிரதியைக் கொடுத்தேன். படித்தாரா என்று தெரியாது. மரம் வரப்பிலேயே நிற்கிறது. காய்ப்புக் காலத்தில் இரண்டு வீட்டாரும் வேப்பங்கொட்டை பொறுக்குகிறோம்.

இரண்டாவது கேள்விக்கு இங்கேயே பாதிப் பதில் வந்துவிட்டது. ஊர்ப்பாசம் கொங்கு நாவலுக்கு உதவாது, இடைஞ்சல்தான் செய்யும். ஊர்ப்பாசத்தோடு படிப்பவர், இந்தச் சொல் நம்மூரில் இப்படி வராதே, இந்தக் கோயில் தெற்குப் பார்த்ததாயிற்றே, இவன் இன்னாருடைய மாமனாக இருப்பானோ என்று தேடத் தொடங்கிவிடுகிறார். கிர்கிஸ்தானத்தில் யாரும் நமக்கு உறவில்லை என்பதால் அங்கே மனம் தாராளமாக இருக்கிறது.

இதைவிடக் கடினமாக இருந்தது பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’. 2000இல் வந்தது. கவுண்டர் பண்ணயத்தில் ஆடு மேய்க்கும் கூளையன் என்ற அருந்ததியர் சிறுவனும், அவனைப் போன்ற நெடும்பன், மொண்டி, வவுறி, செவிடி முதலிய பிள்ளைகளும் மேட்டாங்காட்டில் கழிக்கும் பொழுதுகள்தாம் நாவல். பண்ணயக்காரர் மகன் செல்வனும் அவர்களோடு விளையாடுவான். நட்பு உண்டு. அந்த நட்பில் கோடு எங்கே விழுகிறது என்பதை இரு பக்கமும் அறியும். ஆனால் கோட்டைப் போட்டவன் அதை மறந்துவிட முடியும், மற்றவனால் முடியாது. ஆசிரியர் இப்படியெல்லாம் விளக்கிச் சொல்வதில்லை. வெயிலையும் பனைமரத்தையும் ஆட்டின் நடையையும் எழுதிக்கொண்டே போகிறார்; கோடு தானாகத் தெரிகிறது.

எங்கள் அப்பச்சியின் பண்ணயத்தில் ஒரு பையன் இருந்தான். எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. விடுமுறைக்குப் போனால் அவனோடுதான் முழுப் பகலும். கல்லெறிந்து பனங்காய் தள்ளுவது, ஓணானைத் துரத்துவது, எந்த ஆடு எந்தச் செடியைத் தின்றால் கழியும் என்பது எல்லாம் அவன் சொல்லிக் கொடுத்தவை. பொழுது சாய்ந்ததும் நான் வீட்டுக்குள் போவேன். அவன் பட்டிக்குப் பக்கத்தில் உட்காருவான். அம்மிச்சி (அம்மாவின் அம்மா) மேலிருந்து ஊற்றும் கூழை அவன் குனிந்து வாங்குவான். இதை நான் நூறு முறையாவது பார்த்திருப்பேன். நாவலின் நாற்பதாவது பக்கத்துக்குள்ளேயே அந்தக் காட்சி எழுந்து வந்துவிட்டது. அந்தப் பையன் பின்னாளில் என்ன ஆனான் என்று நாற்பது ஆண்டுகளாக நான் யாரிடமும் கேட்டதே இல்லை என்பதும் அப்போதுதான் உறைத்தது. கேட்டேன். வேலை தேடித் திருப்பூர்ப் பக்கம் போனதாகச் சொன்னார்கள். அதற்கு மேல் யாருக்கும் தெரியவில்லை. புத்தகத்தை முடிக்க மூன்று மாதம் ஆயிற்று. பிடிக்காமல் நிறுத்தவில்லை.

அவருடைய ‘மாதொருபாகன்’ பற்றி எல்லோரும் கேட்பார்கள். 2010இல் வந்த நூல்; எதிர்ப்பு எழுந்தது 2014 இறுதியில்; சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு 2016 ஜூலையில் ஆசிரியருக்குச் சாதகமாக வந்தது. அந்நாட்களில் என்னோடு வாதிட வந்தவர்களில் பெரும்பாலோர் அதைப் படித்திருக்கவில்லை. என் அபிப்பிராயம், காளி, பொன்னா இருவருக்கும் இடையிலுள்ள அன்பையும், குழந்தை இல்லை என்பதற்காக ஊர் அவர்களைக் குத்தும் குத்தையும் சொல்லும் பகுதிகளே அதன் உயிர் என்பதுதான். பிள்ளையில்லாத ஒரு தம்பதியை விசேஷ வீட்டில் நம் சனங்கள் எப்படி விசாரிப்பார்கள் என்பது தெரிந்தவர்களுக்கு அந்தப் பகுதி வலிக்கும். நாவல் என்ற அளவில் ‘கூளமாதாரி’யையே நான் மேலே வைப்பேன். அவர் தொகுத்த கொங்கு வட்டாரச் சொல்லகராதியையும் மேசையில் வைத்திருக்கிறேன். தேவையில்லாமலேயே அவ்வப்போது புரட்டுவேன். என் ஆத்தாவோடு போய்விட்டவை என்று நினைத்திருந்த சொற்கள் அதில் கிடைக்கின்றன.

பக்கத்தில் இருப்பது தெரியாமல் போவதற்கு இன்னொரு சான்று, ச. பாலமுருகனின் ‘சோளகர் தொட்டி’. ஈரோட்டிலிருந்து சத்தியமங்கலம் பேருந்தில் இரண்டு மணி நேரம். பங்குனியில் பண்ணாரி அம்மன் கோயில் குண்டத்துக்கு (தீமிதிக்கு) ஆண்டுதோறும் போவோம். கோயிலுக்குப் பின்னால் எழும் மலையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்புவோம். அந்த மலையின்மேல் சோளகர் என்ற பழங்குடியினரின் ஊர்களில் வீரப்பன் தேடுதலின்போது என்ன நடந்தது என்பதை, 2004இல் அந்த நாவல் வந்த பிறகே நான் அறிந்தேன். ஆசிரியர் வழக்கறிஞர், மனித உரிமைப் பணியில் அந்த மக்களோடு இருந்தவர். முதல் பாதி காடு, பயிர், சடங்கு, திருமணம் என்று மெதுவாகச் செல்லும். பலர் அங்கேயே பொறுமை இழந்துவிடுகிறார்கள். அவர்களிடம் நான் சொல்வது, அந்த வாழ்க்கையை அவ்வளவு விரிவாகக் காட்டாமல் இருந்திருந்தால் பின்பாதியில் வரும் சித்திரவதை வெறும் செய்தியாகப் போயிருக்கும் என்பதே. நடையில் மெருகு இல்லை. சில பக்கங்கள் வாக்குமூலம் போல இருக்கின்றன. அதற்காக அந்த நூலைக் குறைவாக மதிக்க என்னால் முடியவில்லை. ஆனால் அதை இரண்டாம் முறை படிக்கவும் முடியவில்லை.

திருப்பூரைப் பற்றிய நாவல்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுப்ரபாரதிமணியனின் ‘சாயத்திரை’ 1998இல் வந்தது. நொய்யலில் சாயக்கழிவு கலப்பதை நாவலாக்கியது. சாய ஆலைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவு வந்தது 2011இல். அதற்குப் பதின்மூன்று ஆண்டுக்கு முன்பே ஒரு நாவலாசிரியர் எழுதிவிட்டார் என்பதைப் பெருமையோடு சொல்லலாம். எனினும் அதில் நொய்யல் ஆறு நினைவில் நிற்கும் அளவுக்கு மனிதர்கள் நிற்கவில்லை. எம். கோபாலகிருஷ்ணனின் ‘மணல் கடிகை’ வேறு வகை. பனியன் தொழில் பெருகும் காலத்தில் நண்பர்கள் ஐவர் எப்படி வளர்கிறார்கள், எப்படிச் சிதைகிறார்கள் என்பதைப் பெரிய நாவலாக எழுதியிருக்கிறார். பணம் வேகமாக வந்த ஊரில் உறவுகளுக்கு என்ன ஆகும் என்பதை அதைவிட நன்றாகச் சொன்ன நூலை நான் படித்ததில்லை. நீளம் சற்று அதிகம். நூறு பக்கம் குறைத்திருந்தால் நாலு பேருக்குக் கூடுதலாகப் பரிந்துரைத்திருப்பேன்.

அண்மையில் படித்தது தேவிபாரதியின் ‘நீர்வழிப் படூஉம்’. 2023இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தலைப்பு கணியன் பூங்குன்றனாரின் புறநானூற்றுப் பாட்டிலிருந்து வந்தது. குடிநாவிதராக வாழ்ந்த காரு மாமாவின் சாவுக்கு உறவினர்கள் கூடுகிறார்கள். அந்தக் கூடலின் வழியே அவர் வாழ்க்கை விரிகிறது. எங்கள் ஊரில் பிறப்பு, சீர், சாவு எதுவும் நாவிதர் இல்லாமல் நடக்காது. மங்கல வாழ்த்துப் பாடுவதும் அவரே. நம் வீட்டு எல்லா நிகழ்வுகளிலும் இருந்த அவர் வீட்டு நிகழ்வுக்கு நாம் போனதில்லை. இந்த நாவல் அங்கே அழைத்துப் போகிறது. உறவுமுறைகளும் பெயர்களும் முதல் ஐம்பது பக்கத்தில் குழப்பும். யார் யாருக்கு என்ன முறை என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு படித்தேன், மண்டிக்காரன் புத்தி.

முடிக்காமல் விட்டவற்றையும் சொல்ல வேண்டும். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ மூன்று முறை தொடங்கி மூன்று முறையும் நின்றுவிட்டது. அவருடைய ‘ஒரு புளியமரத்தின் கதை’யை ஒரே மூச்சில் படித்தவன் நான். எழுத்தாளரைப் பற்றிய நாவலில் எழுத்தாளர்களுக்கு இருக்கும் ஈடுபாடு எனக்கு வரவில்லை. அதனால் அது குறைந்த நூல் என்று சொல்ல மாட்டேன். மண்டியில் எல்லாச் சரக்குக்கும் ஆள் உண்டு. சிலதுக்கு நான் ஆள் இல்லை.

மூன்றாவது கேள்வி. அரை மணி நேரம் கிடைக்கும் ஒருவர் எடுத்த எடுப்பில் ‘மணல் கடிகை’யையோ ‘சோளகர் தொட்டி’யையோ எடுக்க வேண்டாம். முதலில் ‘அன்னை வயல்’ படியுங்கள். மறுபதிப்பாகக் கிடைக்கிறது, நான்கைந்து இரவில் முடிந்துவிடும். தூரத்துக் கதையில் மனம் சற்று இளகிய பிறகு ‘நாகம்மா’ளுக்கு வாருங்கள். முன்னுரையைக் கடைசியில் படியுங்கள். அதில் கதை வெளிப்பட்டுவிடும். முப்பதாம் பக்கத்தில் ‘இதில் என்ன இருக்கிறது’ என்று தோன்றினால் இன்னும் முப்பது பக்கம் கொடுங்கள். வீட்டில் பாட்டியோ அத்தையோ இருந்தால், பேச்சு வரும் இடங்களை அவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்டுங்கள். என் மாமியாருக்கு நான் அப்படிப் படித்தேன். நாகம்மாள் வையும் ஓரிடத்தில் அவர் குறுக்கிட்டு, ‘அவ அதோட உட்டிருக்க மாட்டாளுங்க மாப்பிள்ளை’ என்று இன்னும் இரண்டு வசவைச் சேர்த்துக் கொடுத்தார். அதன் பிறகு ‘கூளமாதாரி’. அதற்கு விடுமுறை நாள் வேண்டும்.

ஈரோட்டில் 2005 முதல் ஆகஸ்ட் மாதத்தில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்தும் புத்தகத் திருவிழாவுக்கு வருவீர்களானால், மாலைக் கூட்டத்துக்கு முன் பகல் பதினொரு மணிக்கே வந்துவிடுங்கள். நின்று நடுப்பக்கம் பிரித்துப் பார்க்க அப்போதுதான் இடம் கிடைக்கும். அத்தனை நாள் காத்திருக்க முடியாதென்றால் கோவை ராஜவீதியில் விஜயா பதிப்பகத்தில் இவற்றைக் கேட்டுப் பாருங்கள். ‘அன்னை வயல்’ மட்டும் கிடைக்காவிட்டால் சொல்லி அனுப்புங்கள். என்னிடம் பழைய மாஸ்கோ அச்சுப் பிரதி ஒன்று இருக்கிறது. கட்டு கொஞ்சம் தளர்ந்திருக்கிறது, ரயில் நிலையம் வரும் பக்கத்தில் மஞ்சள் கறை உண்டு. திருப்பித் தருவதாக இருந்தால் தருகிறேன்.